கூடைப்பந்தை உருவாக்கியவர் ஏன் அதிகம் தோற்றார்?

அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகம் கூடைப்பந்துக்குப் பேர்போன இடம். அங்கே தலைமைப் பயிற்சியாளர்களாக இருந்தவர்களில், வெற்றியைவிடத் தோல்வி அதிகம் வைத்திருப்பவர் ஒரே ஒருவர்தான். 55 வெற்றி, 60 தோல்வி. பெயர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். வேடிக்கை என்னவென்றால், அந்த ஆட்டத்தை உருவாக்கியதே அவர்தான்!

(திரையில்: ஸ்பிரிங்ஃபீல்ட், 1891 டிசம்பர்)

கனடாக்காரர். இறையியல் முடித்தவர், பாதிரியாராகப் போகாமல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஆசிரியரானார். (நம்ம சென்னையில் 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக் படித்ததும் அங்கேதான்.) குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஆட ஏதாவது கண்டுபிடி என்று மேலதிகாரி லூதர் குலிக் இரண்டு வாரம் கெடு வைத்தார்.

நெய்ஸ்மித் யோசித்த விதம் அழகு. பந்தோடு ஓடக்கூடாது என்றால் யாரும் யாரையும் மடக்கித் தள்ள வேண்டியதில்லை. இலக்கைத் தலைக்கு மேலே வைத்துவிட்டால் வேகமாக எறிந்து பயனில்லை, பந்தை வளைத்துத்தான் போட வேண்டும். அடிதடி பாதி குறைந்தது. பீச் பழக்கூடை இரண்டு, ஒரு கால்பந்து, 13 விதிகள். ஆட்டம் தயார்.

(திரையில்: கான்சாஸ், 1898)

இடையில் டென்வரில் மருத்துவப் பட்டமும் வாங்கிவிட்டார். கான்சாஸ் அவரை அழைத்தது கூடைப்பந்துக்காக இல்லை. உடற்கல்வி கற்பிக்கவும் வழிபாட்டை நடத்தவும்தான். அணியைப் பார்த்துக்கொண்டது கூடுதல் வேலை மாதிரி. சில ஆட்டங்களில் அவரே நடுவராகவும் நின்றார். கூடைப்பந்தை ஆடினால் போதும், அதற்கெல்லாம் பயிற்சியாளர் எதற்கு என்பது அவர் எண்ணம். அந்த 60 தோல்விக்குக் காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 1907-ல் அணியை மாணவர் ஃபாக் ஆலனிடம் விட்டார். ஆலன் அங்கே 590 ஆட்டங்கள் வென்றார். நெய்ஸ்மித் 1937 வரை பேராசிரியராகவே இருந்தார்.

காசும் சேர்க்கவில்லை. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து சேர்க்கப்பட்டபோது, பயிற்சியாளர்கள் நிதி திரட்டித்தான் அவரை அனுப்பி வைத்தார்கள்.

ஆசிரியராக அவர் யார் என்பதைக் காட்டும் கதை ஒன்று. 1933-ல் ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின மாணவர் அவர் அறைக்கு வந்து, நீங்கள்தான் என் வழிகாட்டி என்றார். யார் சொன்னது என்று கேட்டார் நெய்ஸ்மித். அப்பா சொன்னார் என்றது பதில். சரி, அப்பா சொன்னால் சரிதான் என்று ஏற்றுக்கொண்டார்.

பல்கலைக்கழக அணியில் கறுப்பினத்தவருக்கு அப்போது இடமில்லை. அதனால் மெக்லெண்டன் ஆட்டத்தைக் கற்றது மைதானத்தில் இறங்கி அல்ல, நெய்ஸ்மித்திடம் கேட்டுக் கேட்டு. 1936-ல் பட்டம் பெற்றார். பிற்பாடு டென்னசியில் ஒரு கறுப்பினக் கல்லூரியின் அணியை 1957, 1958, 1959 என வரிசையாக மூன்று ஆண்டுகள் என்.ஏ.ஐ.ஏ. (பெரும்பாலும் சிறிய கல்லூரிகளுக்கான விளையாட்டுச் சங்கம்) போட்டியில் தேசிய சாம்பியனாக்கினார். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் அதற்கு முன் எந்தப் பயிற்சியாளரும் தொடர்ந்து மூன்று தேசியப் பட்டங்கள் வென்றதில்லை.