முயலின் கை எங்கே போனது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'ஜூடோபியா படத்தில் விஞ்சி நிற்பது நிறையா, குறையா?' விலங்குகளே மனிதர்களைப்போல் ஊர் கட்டி வாழும் டிஸ்னி அனிமேஷன் படம் அது; நிறையே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் ஒரு கேள்வியை வீசிவிட்டு உட்கார்ந்தார். நரி முயலைத் தின்னும் பிராணி, அதைக் கண்டு முயல் பயப்படுவதை மனிதர்களுக்குள் இருக்கும் வெறுப்புக்கு உவமையாக்கினால் பொருந்துமா என்றார். கைதட்டலும் வாங்கினார். ஆனால் அந்தக் கேள்வியைப் படமே கேட்கிறதே ஐயா!

ஜூடி அந்த ஊரின் முதல் முயல் போலீஸ். இடுப்பில் நரியை விரட்டும் ஸ்ப்ரே ஒன்று தொங்குகிறது, அப்பா கொடுத்து அனுப்பியது. சில வேட்டை விலங்குகள் திடீரென்று வெறிபிடித்துத் திரிவதை நிக் என்கிற நரியோடு சேர்ந்து துப்பறிகிறாள், நட்பாகிறாள், போலீஸில் சேரச் சொல்லி விண்ணப்பப் படிவமும் கொடுக்கிறாள். அப்புறம் பத்திரிகையாளர் சந்திப்பு. அந்த வெறி வேட்டை விலங்குகளின் பிறவிக்குணமாக இருக்கலாம் என்று உளறிவிடுகிறாள். "என்னைப் பார்த்தும் பயமா?" என்று கேட்டபடி நிக் பாய்வதுபோல் பாவனை செய்கிறான். அவள் கை எங்கே போகிறது தெரியுமா? இடுப்புக்கு, அந்த ஸ்ப்ரேவுக்கு! வாய் 'இல்லை' என்று சொல்வதற்குள் கை 'ஆமாம்' என்றுவிட்டது. படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான் நிக்.

இப்படி மாட்டிக்கொள்வது வில்லன் இல்லை, கதாநாயகி!

முதலில் எழுதிய கதையில் நிக்தான் நாயகன். வேட்டை விலங்குகள் கழுத்தில் ஷாக் அடிக்கும் பட்டையோடு திரியும். படம் வந்தது 2016 மார்ச்சில். 2014 நவம்பரில் கதையைப் புரட்டிப்போட்டு ஜூடியை முன்னால் கொண்டுவந்தார்கள். அடிபட்டவன் கதையாகவே விட்டிருந்தால் 'அடப் பாவமே' என்று உச்சுக்கொட்டிவிட்டு எழுந்து போயிருப்போம். நல்லவள் கதையானதால் நம் கை எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

சரி, குறையே இல்லையா? இருக்கிறது. கடைசியில் பழி முழுவதும் துணை மேயரான செம்மறியாட்டின் தலையிலும் வெறியேற்றிய ஒரு விஷப்பூவின் தலையிலும் விழுகிறது. ஊரெல்லாம் ஊறிக்கிடந்த பயத்துக்கு ஓர் ஆட்டைப் பலிகடா ஆக்கியது எனக்கும் பிடிக்கவில்லை. நரியும் புலியும் அங்கே என்னதான் சாப்பிடுகின்றன என்றும் கேட்டார் நண்பர். படம் நின்று விளக்கவில்லை, உண்மை. ஆனால் 108 நிமிடமும் அதே கவலையோடு உட்கார்ந்திருந்தார் என்றால், பசியோடு படத்துக்குப் போயிருக்கிறார், அவ்வளவுதான்.

நடுவர் கை மணிப்பக்கம் போகிறது. கொஞ்சம் பொறுங்கள் ஐயா. வண்டி எண்ணை விசாரிக்க ஜூடி அரக்கப்பரக்க ஓடிவருவாளே, அங்கே கவுண்டரில் ஸ்லாத் உட்கார்ந்திருக்கும். அசைவதற்கே யோசிக்கும் அந்தப் பிராணிக்குப் பெயர் ஃப்ளாஷ், மின்னல்! ஒவ்வொரு எண்ணாக அது தட்டும்போது நிக் குறும்பாக ஒரு ஜோக் சொல்ல, அது சிரித்து, பக்கத்து இருக்கைக்கும் அதைச் சொல்லி, வேலையை முடித்து அனுப்பும்போது வெளியே இருட்டிவிட்டது. நீங்களும் அந்த வேகத்திலேயே மணி அடியுங்கள். சின்ன உடம்புக்குச் சின்னக் கதவும் பெரிய உடம்புக்குப் பெரிய கதவும் வைத்த அந்த ஊர் ரயிலைப் பற்றி நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.