மூளைக்கென்று தனி மரபணு

நேயர்களுக்கு வணக்கம். வாழைப்பழம் சாப்பிட்டால் மூளையில் செரோட்டோனின் என்ற, நரம்புகளுக்கிடையே சேதி கடத்தும் வேதிப்பொருள் ஏறும், மனசு குளிரும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது, பார்த்திருப்பீர்கள். பழத்தில் செரோட்டோனின் உண்டு, உண்மைதான். ஆனால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. உள்ளே போவது டிரிப்டோபன் என்கிற மூலப்பொருள்; பருப்பிலும் முட்டையிலும் கிடைப்பது. அதை வைத்து மூளையே செய்துகொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு எலிக் கதை. எங்கே பேசக் கூப்பிட்டாலும் இதைச் சொல்லாமல் விடமாட்டேன். டிரிப்டோபனை மாற்றும் முதல் வேலையை ஒரு நொதி செய்கிறது. அதற்கு ஒரே மரபணுதான் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். பெர்லினில் மிக்கேல் பாடரின் குழு அந்த மரபணுவை எலியில் நீக்கிப் பார்த்தது. ரத்தத்தில் செரோட்டோனின் ஏறக்குறைய காலி. மூளையிலோ கிட்டத்தட்ட வழக்கமான அளவு! எலியும் எப்போதும்போல் நடமாடியது. அப்படியானால் மூளையில் யார் செய்கிறார்கள்? தேடினார்கள்; இரண்டாவது மரபணு ஒன்று அகப்பட்டது. டிபிஎச்-2 என்று பெயர். இது நடந்தது 2003இல். ரத்தத்தில் ஓடும் செரோட்டோனின் குடலில் உண்டாவது. ஆக, குடலுக்கு ஒரு மரபணு, மூளைக்கு ஒன்று. அதனால்தான் சொல்கிறேன், ரத்தத்தில் அளந்து மூளையின் கணக்கைச் சொல்ல முடியாது.

அப்புறம், கருவில் எந்தச் செல் செரோட்டோனின் செய்யும் வேலைக்கு வரும்? மூளைத்தண்டில் சில செல்களில் மட்டும் பெட்-1 என்ற மரபணு விழிக்கிறது. டிபிஎச்-2 உள்ளிட்டவற்றை அது முடுக்கிவிடுகிறது. அதே 2003இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் இவான் டெனெரிஸ் குழு எலியில் பெட்-1ஐ நீக்கியது. (1948இல் செரோட்டோனினை முதலில் பிரித்தெடுத்ததும் இதே ஊரில்தான்.) பெரும்பாலான செல்களில் செரோட்டோனின் உருவாகவில்லை. எலிகள் வளர்ந்தபோது பயமும் மூர்க்கமும் கூடியிருந்தன. என்னை உலுக்கியது பின்னால் வந்த செய்தி: பெட்-1 இல்லாத தாய் எலி குட்டிகளைச் சரியாகப் பேணவில்லை, குட்டிகள் இறந்தன. அதே குட்டிகளை வேறு தாயிடம் விட்டால் பிழைத்தன. குறை குட்டியிடம் இல்லை, பாருங்கள்.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். நஞ்சுக்கொடி பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: எலிக் கருவின் முன்மூளைக்கு ஆரம்ப நாட்களில் செரோட்டோனின் வருவது நஞ்சுக்கொடியிலிருந்து என்று 2011இல் கண்டார்கள். தாயின் டிரிப்டோபனைக் கொண்டு அங்கேயே தயாராகிறது. மூளைத்தண்டின் நரம்பிழைகள் வந்து சேர்ந்த பிறகுதான் சொந்தச் சரக்கு. நன்றி, வணக்கம்.