கரைக்கு ஒரு முறை வேண்டும்

(திருகோணமலையில் பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, சமயப் பெரியோர்களே, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் பிரதிநிதிகளே, ஆசிரியர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் பழைய மாணவ மாணவியரே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

எங்கள் ஊர் 2050ஆம் ஆண்டில் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டிருக்கிறீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் புவியியல் படிப்பித்தவன் என்ற முறையில் வரைபடத்தை விரித்துவைத்துத் தொடங்குவதுதான் எனக்குப் பழக்கம். ஆனால் இன்று வரைபடத்திலிருந்து தொடங்காமல், சென்ற வைகாசியில் ஒரு விடியற்காலை உப்புவெளிக் கரையில் நான் கண்ட ஒரு காட்சியிலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். தோணி ஒரு கயிற்று நுனியைக் கரையில் விட்டுவிட்டுக் கடலுக்குள் அரைவட்டமாகச் சென்று, வலையை இறக்கி, மறு நுனியோடு தள்ளிக் கரையேறியிருந்தது. இரு பக்கமும் வரிசையாக நின்றவர்கள் குதிக்காலை மணலில் ஊன்றிப் பின்னோக்கி நடந்து இழுக்க, வலை நெருங்க நெருங்க இரு வரிசைகளும் ஒன்றையொன்று நெருங்கி வந்தன. அதே வேளையில், நூறு யார் தூரம் தள்ளி, இன்னொரு தோணியின் விளிம்பில் வேறொரு குழுவினர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கடலில் மீன்கூட்டம் கறுத்துத் தெரிந்தது. அவர்களுடைய வலை மடித்து ஆயத்தமாக இருந்தது. ஏன் இறங்கவில்லை என்று அவர்களில் வயது கூடிய ஒருவரைக் கேட்டேன். "இப்ப அவங்கட முறை, ஐயா. அவங்கட மடி கரை சேரட்டும்" என்றார். மடி என்பது வலையில் மீன் சேரும் பை.

கரைவலை இழுக்கும் ஒவ்வொரு கரைத்துண்டுக்கும் பாடு என்று பெயர். ஒரு பாட்டில் பல வலைகளுக்கு உரிமை இருக்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு வலைதான் இறங்கலாம். கடற்றொழில் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரமும் விதிகளும் இருக்கின்றன, உண்மைதான். ஆயினும் அந்த விடியலில் மீனைக் கண்ணால் கண்டுகொண்டும் கையைக் கட்டியிருந்த அந்த மனிதர்களை நிறுத்திவைத்தது எந்த உத்தியோகத்தரும் அல்ல. பாட்டன் கொடுத்த வாக்கைப் பேரன் காப்பாற்றிக்கொண்டிருந்தான். நாளைக்குத் தன் முறை வரும்போது மற்றவன் காத்திருப்பான் என்ற நம்பிக்கை அவனிடம் இருந்தது. ஒரு சிறு கடற்கரை நகரத்தின் நீண்டகாலத் தொலைநோக்கு என்று நான் கருதுவது இதைத்தான். கட்டடங்களின் படத்தை நான் அதற்குள் சேர்க்கவில்லை. எதை யார் எவ்வளவு எடுக்கலாம், எதை எவரும் தொடக்கூடாது, அடுத்தவருக்கு எதை விட்டுவைக்க வேண்டும் என்பதை ஊர் கூடித் தீர்மானித்து, தலைமுறை தாண்டிக் காக்கும் ஒரு முறை எங்களுக்கு வேண்டும்.

அப்படியான ஒரு முறையை இந்த ஊர் தனக்கெனச் செய்துகொள்வதற்கு வரலாறு இடம் தரவில்லை. திருகோணமலையைப் பற்றித் திட்டமிட்டவர்கள் பெரும்பாலும் கப்பலின் மேல்தட்டிலிருந்து அதைப் பார்த்தவர்கள். போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். கோட்டை வாசற் கல்லில் பாண்டியரின் இணைக்கயல் சின்னம் இன்றும் தெரிகிறது. பின்னர் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இந்தத் துறைமுகத்துக்காகத் தமக்குள் மோதினார்கள். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இங்கே குண்டு போட்டதும் துறைமுகத்துக்காகத்தான். 1957இல் கடற்படைத் தளம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. சீனக்குடாவில் ஆங்கிலேயர் விட்டுச்சென்ற எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்று எஞ்சியிருக்க, 2022 ஜனவரியில் கைச்சாத்தான உடன்படிக்கையின்படி 24 தாங்கிகள் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும் என்று பிரிக்கப்பட்டன. இந்தக் கணக்கில் நான் குறை காணவில்லை. நாட்டுக்கு எரிபொருள் வேண்டும், எங்கள் பிள்ளைகளுக்கு வேலையும் வேண்டும். ஆனால் அந்தத் தாங்கிகளைச் சுற்றியிருக்கும் கிராமங்களின் கிணறுகளைப் பற்றியும் பாதைகளைப் பற்றியும் அந்த மக்களோடு உட்கார்ந்து யாராவது கணக்குப் பார்த்தார்களா என்று கேட்பது எங்கள் உரிமை.

மூதூர்ப் பக்கத்துச் சம்பூரை நினைத்துப் பாருங்கள். 2006இல் அந்த மக்கள் போரினால் பெயர்ந்தார்கள். அவர்கள் முகாம்களில் இருந்த காலத்திலேயே அவர்களுடைய மண்ணில் 500 மெகாவாற் நிலக்கரி அனல்மின் நிலையம் என்று முடிவாயிற்று. 2015இலிருந்து அவர்கள் கட்டங்கட்டமாகத் திரும்பிவந்தார்கள். 2016இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. இப்போது அங்கே சூரிய மின்சக்தித் திட்டம் வருகிறது. நிலக்கரியை விடச் சூரிய ஒளி மேலானது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனாலும் பத்து வருட இடைவெளியில் ஓர் ஊரின் எதிர்காலம் இத்தனை தடவை மாறியபோது, அந்த ஊரின் மேசையில் வைத்து அது ஒரு தடவையாவது எழுதப்பட்டதா என்பதுதான் என்னை வருத்தும் கேள்வி.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன்னர், எங்கள் நகரத்துக்கான நீண்டகாலத் திட்டம் ஒன்றின் வரைவைப் பார்க்க வேண்டும் என்று ஓர் அலுவலகத்துக்குப் போனேன். காலையிலிருந்து பின்னேரம் வரை காத்திருந்த பிறகு தடித்த புத்தகமொன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. படங்கள் மிக அழகானவை. கடலோர நடைபாதை, படகுத்துறை, உயர்ந்த ஹோட்டல்கள். அந்தப் படங்களில் ஒரு தோணியும் இல்லை, வலை உணங்கும் ஒரு மணற்பரப்பும் இல்லை. எனக்குப் பக்கத்தில் அதே புத்தகத்தைப் பார்க்க வந்திருந்த திருக்கடலூர் மீனவர் ஒருவர், "ஐயா, இதில எங்கட வாடி எங்க இருக்கு எண்டு காட்டுங்கோ" என்று கேட்டார். கரையில் மீனவர் தங்கும் கொட்டிலைத்தான் வாடி என்கிறோம். காட்ட என்னால் முடியவில்லை.

இனிக் கரையைப் பற்றி. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உயர்நீர்க் கோட்டிலிருந்து உள்நோக்கி 300 மீற்றரும் தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடல்நோக்கி 2 கிலோமீற்றரும் கரையோர வலயம். அதற்குள் கட்டுமானம் போன்ற அபிவிருத்தி வேலைகளுக்கு அனுமதி வேண்டும். 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்த பிறகு, வடக்கு கிழக்கில் 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று கோடு கீறினார்கள். சிறிது காலத்திலேயே அந்தக் கோடு தளர்ந்தது. கோடு கீறப்பட்டபோது கரையை விட்டுப் போனவர்கள் மீனவர்கள். கோடு தளர்ந்தபோது கரைக்கு வந்தவர்களில் வெளியூர் முதலீட்டாளர்களும் இருந்தார்கள். நான் சிறுவனாக இருந்தபோது நிலாவெளி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கிப்போன ஒழுங்கை ஒன்று இன்று ஒரு மதிலுக்குள் போய்விட்டது. அது பொது ஒழுங்கைதான் என்று நிரூபிக்க எங்களிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை.

கரையைவிட எனக்கு அதிக கவலை தருவது தண்ணீர். இதைச் சற்று விரிவாகச் சொல்ல உங்கள் பொறுமையை வேண்டுகிறேன். நகரத்தின் குழாய்நீர் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது. குளக்கோட்டன் பெயரோடு எங்கள் மரபு சேர்த்துப் பேசும் அந்தக் குளத்தின் கட்டு 1986 ஏப்ரல் 20ஆம் திகதி உடைந்து பல உயிர்களைக் கொண்டுபோனது இங்கே இருக்கும் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரே குளத்தை நம்பி ஒரு நகரமும் அதன் துறைமுகமும் தொழிற்சாலைகளும் ஹோட்டல்களும் வளர்வது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

குழாய் இல்லாத இடத்தில் கிணறு. உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை எங்கள் கிணறுகள் மணலுக்குள் நிற்கின்றன. மழைநீர் மணலில் ஊறி, கீழேயுள்ள உவர்நீருக்கு மேல் மிதந்துகொண்டிருக்கிறது. இலேசான நன்னீர், கனத்த உப்புநீருக்கு மேல் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் கணிதம் மிகவும் கொடியது: நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் இருக்கும், அந்த ஓர் அடியை நாம் மோட்டார் போட்டு இறைத்துவிட்டால், கீழிருந்து உப்பு அந்த 40 அடியையும் மெல்ல மெல்ல ஏறிவரும். ஏறிய உப்பு எளிதில் இறங்காது. இதற்கு மேல், உலகக் கடல்மட்டம் 1901க்கும் 2018க்கும் இடையில் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது என்பதையும், அந்த உயர்வு இப்போது வேகமெடுத்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வெங்காயச் செய்கைக்காரரும் ஹோட்டல்காரரும் வீட்டுக்காரரும் ஒரே மணலிலிருந்துதான் இறைக்கிறார்கள். அதே மணலுக்குள்தான் மலக்குழியும் ஊறுகிறது. கடலில் வலை இறக்குவதற்கு முறை வைத்திருக்கிற நாங்கள் கிணற்றில் இறைப்பதற்கு ஒரு முறையும் வைக்கவில்லை.

நிலாவெளிக்கு அப்பால் கடலிலுள்ள புறாத்தீவைப் பற்றி நீண்டு பேச நேரமில்லை. 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட அந்த இடத்தில் முருகைக்கற்களின் மேல் கால் வைத்து நடப்பவர்களை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒரு முருகைக்கல் விரலளவு வளர்வதற்கு எத்தனை வருடம் வேண்டும் என்பதை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், பயணிகளுக்கு அவர்களே சொல்வார்கள். கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களும் அப்படித்தான். சோற்றுப் பொதியின் பொலித்தீன் லஞ்ச் சீற்றை ஒரு பிணைமான் மென்றுகொண்டிருந்ததையும், அதன் குட்டி பக்கத்தில் நின்று பார்த்துப் பழகிக்கொண்டிருந்ததையும் நான் கண்ட நாள் இன்றும் மனதை விட்டு அகலவில்லை.

இந்த மாவட்டத்தில் 2012 கணக்கெடுப்பின்படி 379,541 பேர் இருந்தோம். முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவருமாகக் கலந்து வாழ்கிறோம், எவரும் தனித்து முடிவெடுக்க முடியாத ஊர் இது. எங்களுக்குள் மறக்க முடியாத காயங்கள் இருக்கின்றன. அவற்றை இந்த மேடையில் மூடிமறைக்க நான் வரவில்லை. ஆனால் 2009 ஒக்ரோபரில் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு என்ன நடந்தது என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதற்கு முன் பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏறி, அது நிரம்பும்வரை காத்திருந்து, இருட்டினால் மறுகரையில் தங்கிப்போன காலத்தில் நாங்கள் ஒருவரையொருவர் அரிதாகவே கண்டோம். 396 மீற்றர் நீளமான பாலம் பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும் சந்தையையும் பக்கத்து வளவுக்குக் கொண்டுவந்தது. சுருக்குவலையும் டைனமைட்டும் மீன்குஞ்சையும் சேர்த்து அழிக்கும்போது நட்டப்படுவது எல்லாச் சமூகத்துக் கரைவலைக்காரரும்தான். ஆகவே முறை வைப்பதென்றால் மூன்று மொழிப் புத்தகம் அல்ல, மூன்று சமூகத்தவரும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசும் கூட்டம் முதலில் வேண்டும். இளைஞர்கள் அதில் பாதிப் பேராவது இருக்க வேண்டும். கட்டாருக்கும் கனடாவுக்கும் போக ஆயத்தமாகும் பிள்ளையிடம் இந்த ஊர் ஒரு நாளாவது, "உனக்கு இங்கே என்ன வேண்டும்?" என்று கேட்டிருக்கிறதா?

நான் முன்வைப்பது பெரிய செலவுள்ள காரியம் அல்ல. முதலாவதாக ஒரு கரைப் பதிவேடு வேண்டும். சல்லியிலிருந்து நகரக் கடற்கரை வரை எத்தனை பாடுகள், அவற்றின் பெயர் என்ன, எந்தெந்த ஒழுங்கை கடலுக்குப் போகிறது, தோணி எங்கே ஏற்றுகிறார்கள், வலை எங்கே உணங்குகிறது என்பதைப் பெரியவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுத வேண்டும். அந்தப் பதிவேடு பிரதேச செயலகத்திலும் உள்ளூராட்சி சபையிலும் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், விகாரை ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும். இனி எந்தப் பெருந்திட்டம் வந்தாலும் அதன் வரைவு தமிழிலும் சிங்களத்திலும் கிராம உத்தியோகத்தர் அலுவலகச் சுவரில் தொங்கிய பிறகே ஒப்புதல் பெற வேண்டும் என்று சபை ஒரு தீர்மானம் எடுக்கட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதம் ஒரு தடவை தங்கள் பகுதியின் பத்துக் கிணறுகளில் நீர்மட்டத்தையும் உப்பையும் அளந்து எழுதட்டும். நூல், கல், மலிவான ஒரு உப்புமானி, இவ்வளவும் போதும். ஐந்து வருடம் அளந்தால் எந்த நிபுணரோடும் நாங்கள் எங்கள் இலக்கத்தோடு பேசலாம். வருடத்துக்கு ஒரு தடவை, சித்திரையில், சபையில் யார் ஆட்சியில் இருந்தாலும், அந்தப் பதிவேட்டையும் கிணற்றுக் கணக்கையும் பொதுவில் வாசிக்க வேண்டும்.

வரும் சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு சல்லி முத்துமாரியம்மன் கோயிலடியில் கூடி நடக்கத் தொடங்குவோம். ஐம்பது மீற்றர் அளவுநாடா ஒன்று என்னிடம் இருக்கிறது, இன்னொன்று யாராவது கொண்டுவாருங்கள். வீட்டிலிருக்கும் பெரியவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிவாருங்கள்; பாடுகளின் பெயர் அவர்களுக்குத்தான் தெரியும். அந்த நேரத்தில் கரைவலை இழுத்துக்கொண்டிருப்பார்கள். கயிற்றைத் தாண்டிப் போகாமல், மடி கரை சேரும்வரை காத்திருந்து, பிறகு அளப்போம்.