இரண்டரை மணி நேரம்

(திருவொற்றியூரில் மீனவ கிராமத்தாரும் குடியிருப்போரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, கிராமப் பஞ்சாயத்துப் பெரியவர்களே, மகளிர் குழுச் சகோதரிகளே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

பூம்புகாரைக் கடல் கொண்ட செய்தியைத் தமிழ் மேடைகளில் நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கேட்டுக் கண்கலங்கியும் இருக்கிறோம். ஆனால் காசிமேட்டிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரையுள்ள குப்பங்களில், கடல் ஏறி வந்தால் எந்தத் தெரு வழியாக மேற்கே போவது என்று ஒரு மேடையிலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை. இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது அந்தத் தெருக் கணக்கைத்தான். அதற்கு முன் கடலடியில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், பொறுத்தருள வேண்டுகிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. நம் நேரப்படி காலை 6 மணி 29 நிமிட அளவில், சுமத்ராவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் கடலடி நிலம் முறிந்தது. இந்தியத் தட்டு என்னும் பூமி மேலோட்டுப் பாறைப் பாளம் பர்மா தட்டின் அடியில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நுழைந்துகொண்டிருக்கும் எல்லை அது. நுழையும் பாறை வழுக்கிக்கொண்டு போவதில்லை. மேலிருக்கும் தட்டோடு சிக்கிக்கொண்டு, அதையும் சேர்த்துக் கீழே இழுத்து வளைக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த அந்த வளைவு ஒரே காலையில் விடுபட்டபோது, முறிவு அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடியது. ஓடி முடிய எட்டு முதல் பத்து நிமிடம் ஆயிற்று. நிலநடுக்கத்தின் அளவு 9.1. கடல் தரை மேலெழுந்ததும் அதன்மேல் நின்ற நீர் முழுவதும், அடி முதல் மேல் வரை, தூக்கப்பட்டது. காற்று எழுப்பும் அலைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. காற்று கடலின் மேல்தோலை மட்டும் அசைக்கிறது. ஆழிப்பேரலையில் கடலின் முழு ஆழமும் நகர்ந்து வருகிறது.

அன்று காலை சென்னையிலும் தரை லேசாக ஆடியது. பாத்திரம் ஆடியது, மின்விசிறி ஆடியது என்று வீட்டைவிட்டு வெளியே வந்து, அக்கம்பக்கத்தாரிடம் பேசிவிட்டு, ஒன்றும் ஆகவில்லை என்று உள்ளே போய்க் காப்பி போட்டுக் குடித்தவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். அலை சென்னைத் துறைமுகத்தைத் தொட்டபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. இடைப்பட்ட நேரம் சுமார் இரண்டரை மணி. அந்த நேரத்துக்குள் கார் நிக்கோபாரின் விமானப்படைத் தளம் நீரில் மூழ்கியது. அங்கிருந்து தாம்பரத்துக்கு அவசரச் செய்தியும் வந்தது. செய்தி நகரத்தின் எல்லைக்குள் வந்துவிட்டது, கடற்கரைக்குத்தான் வந்து சேரவில்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டார்கள்; நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். சென்னையில் இருநூறு பேருக்கு மேல்.

இந்த இரண்டரை மணி நேரத்தை நீங்கள் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். சுமத்ராவின் ஆச்சே கரையில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ அரை மணிக்கும் குறைவு. நமக்கும் அந்த முறிவுக் கோட்டுக்கும் இடையே வங்காள விரிகுடா கிடக்கிறது. போர்ட் பிளேர் இங்கிருந்து சுமார் 1,370 கிலோமீட்டர். 4,000 மீட்டர் ஆழமுள்ள கடலில் இந்த அலை மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில், விமானத்துக்கு ஈடாக ஓடும். அங்கே அதன் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவாகவே இருக்கும் என்பதால், படகில் இருப்பவருக்கு அது கடந்து போனதே தெரியாது. ஆழம் குறையக் குறைய வேகம் குறையும். 50 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 80 கிலோமீட்டர், 10 மீட்டர் ஆழத்தில் 36 கிலோமீட்டர். முன்னே போகும் நீர் தயங்க, பின்னே வரும் நீர் அதன்மேல் ஏற, அலை உயர்ந்துவிடுகிறது. ஆகவே எச்சரிக்கை வந்த நேரத்தில் கடலில் இருக்கும் விசைப்படகுகளும் ஃபைபர் படகுகளும் கரையைப் பார்த்து ஓடி வரக் கூடாது. இன்னும் ஆழத்தை நோக்கிப் போக வேண்டும். வீட்டில் பிள்ளைகள் இருக்கும்போது இதைச் செய்வது மனத்துக்கு எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. வீட்டார் மேற்கே போயிருப்பார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் படகில் இருப்பவரால் ஆழத்துக்குப் போக முடியும். அந்த நம்பிக்கையை முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் களைந்தாக வேண்டும். கடல் உள்வாங்கினால்தான் சுனாமி வரும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். திருச்செந்தூரில் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் சற்றே உள்வாங்கினால் போதும், தொலைக்காட்சியில் அன்று முழுவதும் அதே செய்தி ஓடுகிறது. 2004இல் முறிவின் மேற்குப் பக்கத்தில் கடல் தரை உயர்ந்தது, கிழக்குப் பக்கத்தில் தாழ்ந்தது. அதனால் கிழக்கே இருந்த தாய்லாந்தில் கடல் முதலில் உள்வாங்கி, பிறகு பாய்ந்தது. மேற்கே இருந்த நமக்கு முதலில் வந்ததே ஏற்றம். மாமல்லபுரம் போன்ற இடங்களில் கடல் பின்வாங்கிப் பாறைகள் தெரிந்தது உண்மை. ஆனால் அடுத்த முறையும் கடல் நமக்கு அப்படியொரு அடையாளம் காட்டும் என்று காத்திருப்பவர் ஏமாறுவார். அலை ஒன்றோடு முடிவதுமில்லை. பத்து, இருபது, முப்பது நிமிட இடைவெளியில் பல வரும். முதலாவது பெரும்பாலும் பெரியதாக இருப்பதில்லை. முதல் அலை வடிந்ததும் வலையை எடுக்கவும் படகைப் பார்க்கவும் கரைக்குத் திரும்பி இறந்தவர்களின் கதை நம் கடலோரம் முழுவதும் இருக்கிறது.

பெரிய நடுக்கம் எல்லாம் பேரலையைக் கொண்டுவருமா என்றால், அதுவும் இல்லை. 2012 ஏப்ரல் 11 பிற்பகலில் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கியது. சென்னையில் அலுவலகங்களிலிருந்து மக்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் அன்று பாறைகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன. கடல் தரை பெரிதாக மேலெழவில்லை. அலையும் சிறிதாகவே எழுந்தது. அன்று வெளியேறிய மக்களைப் பிறகு கேலி செய்தவர்கள் உண்டு. என் கருத்தில் வெளியேறியவர்கள் செய்ததே சரி. தரை எப்படி நகர்ந்தது என்பது கரையில் நிற்பவருக்குத் தெரியாது. அதைக் கணக்கிட்டுச் சொல்வது ஐதராபாத்தில் 2007 அக்டோபர் முதல் இயங்கும் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையத்தின் வேலை. நிலநடுக்கப் பதிவுகளிலிருந்து சில நிமிடங்களில் முதல் அறிவிப்பை வெளியிட்டு, கடலடி அழுத்தமானிகளும் துறைமுக அலைமானிகளும் தரும் அளவுகளைக் கொண்டு அதை உறுதி செய்யவோ விலக்கவோ செய்கிறார்கள். எந்த நாளில் நிலநடுக்கம் வரும் என்று அந்த மையத்தாலும் சொல்ல முடியாது, உலகில் வேறெவராலும் முடியாது. டிசம்பர் மாதம் பிறந்தால் வாட்ஸ்அப்பில் நாள் குறித்து வரும் செய்திகளை அப்படியே அழித்துவிடலாம்.

ஆனால் மையத்திலிருந்து மாவட்ட ஆட்சியர் வரை வந்த எச்சரிக்கை, அங்கிருந்து நெட்டுக்குப்பத்துக்கும் தாழங்குப்பத்துக்கும் வருவது வேறு கதை. புதுச்சேரிக்கு அருகே நல்லவாடு என்றொரு மீனவ கிராமம். 2004இல் அவ்வூரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்து, வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரில் இருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில், வழக்கமாகக் கடல் நிலவரம் சொல்லும் அதே ஒலிபெருக்கியில், உடனே அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் பிழைத்தார்கள். இந்தோனேசியாவின் சிமலூ தீவோ நடுக்கம் தோன்றிய இடத்துக்கு மிக அருகில் இருந்தது. அலை வர அவர்களுக்குச் சில நிமிடங்களே இருந்தன. 1907இல் ஒரு பேரலையில் பெருந்தொகையாய் மாண்டுபோன தீவு அது. அன்றிலிருந்து, தரை பலமாக ஆடினால் குன்றுக்கு ஓடு என்பதைப் பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள். 2004இல் ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் அலையில் இறந்தவர்கள் ஏழு பேர். நமக்கு ஓடக் குன்று இல்லை. ஆனால் நேரம் இருக்கிறது.

அந்த நேரத்தை எப்படிச் செலவு செய்வது? நம் ஊரின் கிடப்பைப் பாருங்கள். கிழக்கே கடல், கரையில் கொட்டிய கருங்கல், தூண்டில் வளைவுகள், எண்ணூர் விரைவுச்சாலை. பிறகு குடியிருப்பு, திருவொற்றியூர் நெடுஞ்சாலை, ரயில் பாதை, அதற்கும் மேற்கே பக்கிங்காம் கால்வாய். நடந்தால் அரை மணிக்குள் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் போய்விடலாம். தடை தூரத்தில் இல்லை. விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகள் ஒன்றோடொன்று முட்டி நிற்கும்போது, இரண்டு லாரிகளுக்கு நடுவே ஒரு சைக்கிளைக்கூட நுழைக்க முடிவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே பைக்கிலும் ஆட்டோவிலும் கிளம்பினால் எல்லோரும் ஒரே இடத்தில் சிக்குவோம். நடக்க முடிந்தவர் நடக்க வேண்டும். வண்டி முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் உடல் முடியாதவர்களுக்கும் மட்டும். ஒவ்வொரு தெருவும் எந்தச் சந்து வழியாகச் சாலையைக் கடக்கும், ரயில் பாதையை எந்த இடத்தில் தாண்டும் என்பதைத் தெருவாரே நடந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும். முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்தார் கொசஸ்தலை ஆற்றின் கரையோரமாகப் போகக் கூடாது. ஆற்று வாயும் கால்வாயும் அலைக்குத் திறந்த வாசல்கள், நீர் அவற்றின் வழியே கரையைவிட வெகுதூரம் உள்ளே போகும்.

வட சென்னைக்கு மட்டும் உரிய இன்னொரு கவலையும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு, கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி நள்ளிரவில் ஓடினார்கள். எண்ணெய்க் கிடங்கும் எரிவாயுக் குழாயும் சூழ்ந்த கரையில் அலை தனியாக வராது என்றே நாம் திட்டமிட வேண்டும். எந்த ஆலை எதைச் சேமித்து வைத்திருக்கிறது, கசிந்தால் காற்றுக்குக் குறுக்கே எந்தப் பக்கம் போவது என்பதைக் கேட்டு வாங்கும் உரிமை நமக்கு இருக்கிறது. ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு ஓடச் சொல்வதோடு ஆலைகளின் பொறுப்பு முடிந்துவிடாது.

நிலநடுக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். நிலநடுக்க ஆபத்து வரைபடத்தில் சென்னை 2002இல் இரண்டாம் மண்டலத்திலிருந்து, ஆபத்து கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் ஏற்பட்ட நடுக்கம் இங்கும் உணரப்பட்டது. கீழே வண்டி நிறுத்தத் தூண்களை மட்டும் நிறுத்தி, மேலே நான்கு மாடி ஏற்றிய வீடுகள் ஆட்டத்தைத் தாங்குவதில்லை என்பதை 2001 பூஜ் நிலநடுக்கத்தின்போது, மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாத் காட்டியது. மரச் சட்டங்களின்மேல் செங்கல் அடுக்கிக் கூரை போட்ட ராயபுரத்துப் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளையும் பொறியாளர் ஒருவர் பார்ப்பது நல்லது. ஆட்டத்தின்போது மேசைக்கு அடியில் ஒண்டுங்கள். நின்றதும் வெளியே வாருங்கள். நீண்ட நேரம் ஆடியிருந்தால் மேற்கே நடக்கத் தொடங்குங்கள்.

நடக்க இயலாதவர்களுக்கு உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் மூன்றாம் மாடி போதும். நம் பகுதியில் அத்தகைய கட்டடங்களில் பெரும்பாலானவை பள்ளிகள். 2004இல் அலை வந்தது ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை நாளில் பள்ளியின் வெளிக்கதவுச் சாவியும் மாடிக்கதவுச் சாவியும் யாரிடம் இருக்கின்றன? ஒடிசாவில் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாஹி என்ற இரண்டு ஊர்கள் 2020இலேயே யுனெஸ்கோவின் சுனாமி ஆயத்த ஊர்களாக ஏற்கப்பட்டன. அவர்கள் வரைந்த வரைபடத்தில் போகும் வழியும் ஒதுங்கும் இடமும் குறிக்கப்பட்டிருக்கும். நம் பஞ்சாயத்தும் அப்படியொரு வரைபடம் வரையட்டும். தலைமையாசிரியர்கள் மூவர் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் பள்ளியின் மாற்றுச் சாவி ஒன்றைப் பஞ்சாயத்திலும் இன்னொன்றைப் பள்ளிக்கு எதிர்வீட்டிலும் வைக்க எழுத்து மூலம் அனுமதி பெறுவதற்கான மனுவை இந்த மேசையில் வைத்திருக்கிறேன். இந்தக் கூட்டம் கலைவதற்கு முன் கையெழுத்திட வாருங்கள்.