ராணுவத்துல பெண்கள்: சேர்றவங்க எத்தனை, நிலைக்கிறவங்க எத்தனை?

[திரையில்: அணிவகுத்து நடக்கும் பயிற்சி வீரர்கள். கேமரா கால்களில் மட்டும்.]

ராணுவத்துல பெண்கள் எண்ணிக்கையை உயர்த்தணும்னு முடிவெடுத்ததும் முதல்ல வர்றது விளம்பரம். சேர்றவங்க எண்ணிக்கையும் கூடும். ஆனா பயிற்சியிலயே காயம்பட்டு சிலர் வெளியேறுவாங்க, குழந்தை பிறந்ததும் சிலர் விலகுவாங்க. ஓட்டைப் பானையில தண்ணி ஊத்தற கதைதான்.

இந்தக் கால்களைக் கவனிங்க. அணிவகுப்புல ஓர் அடின்னா பல ராணுவங்கள்ல 30 அங்குலம். உயரம் குறைஞ்சவங்க வரிசை கலையாம இருக்கணும்னா காலை எட்டிப் போட்டே ஆகணும். வாரக்கணக்குல இப்படி நடந்தா இடுப்பெலும்புல விரிசல் விழும். 1990-கள்ல ஆஸ்திரேலிய ராணுவத்துல பயிற்சிக்கு வந்த பெண்கள்ல 100-க்கு 11 பேருக்கு இது வந்துச்சு. என்ன செஞ்சாங்க தெரியுமா? நடை வேகத்தை மணிக்கு 7.5 கிலோமீட்டர்லேர்ந்து 5-ஆ குறைச்சாங்க. அவங்கவங்க காலுக்கு ஏத்த அடி வைக்க விட்டாங்க. ஓட்டப் பயிற்சியையும் மாத்தினாங்க. பாதிப்பு 1 சதவீதத்துக்கும் கீழ வந்துடுச்சு. பெண் உடம்பு இதுக்கெல்லாம் தாங்காதுன்னு பேசறவங்ககிட்ட நான் முதல்ல காட்டறது இந்தக் கணக்கைத்தான்.

[திரையில்: குண்டு துளைக்காத கவச உடை. முன்தகடு நெருக்கத்தில்.]

கவச உடையும் அப்படித்தான். ஆண் அளவு உடை பெண்களுக்கு நீளம் அதிகம். உட்கார்ந்தா தகடு தொடையில அழுத்தும், துப்பாக்கிக் கட்டையைத் தோள்ல சரியா அணைக்க முடியாது. பெண்களுக்குன்னே தைச்ச உடையை அமெரிக்க ராணுவம் வீராங்கனைகள்கிட்ட கொடுத்துச் சோதிச்சது 2012-லதான். ஆப்கானிஸ்தான் போர் தொடங்கி அப்போ 11 வருஷம்!

பதவி உயர்வுக்கு வருவோம். உச்சப் பதவிக்கான பாதை பெரும்பாலும் போர்முனைப் பிரிவுகள் வழியாத்தான் போகுது. பிரிட்டன் எல்லாப் பிரிவுகளையும் பெண்களுக்குத் திறந்தது 2018-ல. அதே நாட்டுல 1990 வரைக்கும் கர்ப்பமானா வேலை போயிடும்.

[திரையில்: நார்வே வரைபடம்]

நார்வே 2015-ல கட்டாய ராணுவ சேவையை ஆண், பெண் இருவருக்கும் பொதுவாக்குச்சு. நேட்டோ நாடுகள்ல இதுதான் முதல். தகுதியும் ஆர்வமும் பார்த்து எடுக்கறாங்க. கட்டாய சேவையில இருக்கறவங்கள்ல இப்போ சுமார் மூணுல ஒரு பங்கு பெண்கள். நிரந்தரப் பணியில அந்த விகிதம் அவ்வளவு இல்ல. வாசல் திறந்த நாட்டுலயும் நிலைக்க வைக்கற வேலை மிச்சம் இருக்கு.

கடைசியா, பலர் பேசத் தயங்கற விஷயம். தனக்கு நேர்ந்த பாலியல் வன்முறை பத்தின புகார் தன்னோட படைத் தலைவர் மேஜைக்கே போகும்னா யார் துணிஞ்சு கொடுப்பாங்க? அமெரிக்காவுல வழக்குத் தொடரலாமா வேண்டாமான்னு தீர்மானிக்கற அதிகாரம் அவங்க கையிலதான் இருந்துச்சு. 2021-ல நாடாளுமன்றம் சட்டத்தை மாத்துச்சு; 2023 டிசம்பர்லேர்ந்து அந்த முடிவை எடுக்கறது படைத் தலைமைக்குக் கட்டுப்படாத தனி ராணுவ வழக்கறிஞர்கள். எந்த நாடா இருந்தாலும், விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்கறதுக்கு முன்னாடி இந்த மாற்றத்தைத்தான் நான் கேட்பேன்.