டாவிக்குப் பிறகு வீட்டில் கவனிக்க வேண்டிய மயக்கமும் காய்ச்சலும்

வணக்கம் மக்களே. நெஞ்சைத் திறக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டு, இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசலில் இருக்கும் அயோர்டிக் வால்வை மாற்றுவதைத்தான் டாவி என்கிறோம். 2002 ஏப்ரலில், பிரான்சின் ரூவான் நகரில் டாக்டர் ஆலன் க்ரிபியே இதை முதன்முதலாக ஒரு மனிதருக்குச் செய்தார். இன்றைக்கு எண்பது வயதுக்காரர்கள்கூட சில நாளிலேயே வீட்டுக்கு நடந்து போகிறார்கள். எனக்குக் கவலையே அங்கேதான். அபூர்வமான சில சிக்கல்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் தலைகாட்டும்.

சிகிச்சை மேசையிலேயே வரக்கூடியவையும் உண்டு. வால்வு வளையம் கிழியலாம், பழைய வால்வின் இதழ், இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி குழாயின் வாயை அடைக்கலாம். நூறில் ஒருவருக்கு என்ற அளவில்தான் இவை வரும். முன்கூட்டியே சிடி ஸ்கேனில் அளவெடுப்பது இதற்காகத்தான். அதை டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நாம் பார்க்க வேண்டியதில் முதலாவது மயக்கம். டாவியில் பழைய வால்வை வெட்டி எடுப்பதில்லை. புது வால்வு அதை ஓரமாக நெருக்கித் தள்ளிக்கொண்டு விரியும். அதற்குச் சற்றுக் கீழேதான் இதயத் துடிப்புக்கான மின்சாரம் போகும் பாதை இருக்கிறது. அது நசுங்கினால் துடிப்பு தடைபடும், பேஸ்மேக்கர் தேவைப்படும். பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலேயே தெரிந்துவிடும். சிலருக்கு மட்டும் வீடு வந்து சில நாள் கழித்து வரும். சிகிச்சைக்கு முன்பே ஈசிஜியில் இந்த மின்பாதையின் வலது பக்கக் கிளையில் தடை தெரிந்தவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். அப்பா தலைசுற்றி விழுந்தால் "சாப்பிடாமல் இருந்திருப்பார்" என்று விட்டுவிடாதீர்கள். உடனே ஈசிஜி எடுங்கள்.

அப்புறம் காய்ச்சல். புது வால்வில் கிருமி தொற்றுவது அபூர்வம்தான், ஆனால் உயிருக்கே ஆபத்து. நம் ஊரில் காய்ச்சல் என்றதும் மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுவிடுகிறோம். தயவுசெய்து டாவி செய்தவர்களுக்கு அப்படிச் செய்யாதீர்கள். ரெண்டு மாத்திரை உள்ளே போனாலே, ரத்தத்தில் இருக்கும் கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். வால்வின் உலோகச் சட்டம் நிழல் விழுத்துவதால் எக்கோ என்ற இதய ஸ்கேனிலும் சில நேரம் தெளிவாகத் தெரியாது. அப்போது கண்டுபிடிக்கக் கல்ச்சர்தான் பெரிய துணை. அதனால் முதலில் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள், மாத்திரை அதற்குப் பிறகு. பல் பிடுங்கப் போனாலும் வால்வு வைத்திருப்பதைப் பல் டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள். அதற்கு முன்பாக ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள்.

இன்னொன்று, வால்வு இதழில் ரத்தம் உறைவது. நன்றாக நடந்துகொண்டிருந்தவருக்கு மறுபடி மூச்சு வாங்கினால் எக்கோ பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்திலேயே பலருக்கு இது சரியாகிவிடும்.