ஓராள் ஊரில் ஐயாயிரம் புத்தகம்

(நெப்ராஸ்கா மாநிலம் ஒமாஹாவில், தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, தமிழ்ப் பள்ளியின் முதல்வர் அம்மா அவர்களே, சம்பளம் வாங்காமல் சனிக்கிழமைத் தூக்கத்தைத் தியாகம் செய்கிற ஆசிரியப் பெருமக்களே, இந்த அரங்கைக் குறைந்த வாடகைக்கு நமக்குத் தந்திருக்கும் தேவாலயத்துப் போதகர் அவர்களே, சிறப்பு விருந்தினராக வந்திருக்கும் மாநகர மன்ற உறுப்பினர் அவர்களே! அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தமிழ்த்தாய் வாழ்த்து தொடங்கி பிள்ளைகளின் கோலாட்டம் வரை அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பொறுமைக்கே தனியாக ஒரு மாலை போடலாம். சாம்பார் சாதம் கட்டிய குழுவினரே, ஒலிபெருக்கித் தம்பியே, கடைசி வரிசையில் உட்கார்ந்து கைபேசியில் ஸ்கோர் பார்க்கும் இளைஞர்களே, எல்லோருக்கும் என் வணக்கம். பெயர் சொல்லி அழைத்தால் யாராவது ஒருவரை விட்டுவிடுவேன், அப்புறம் வருஷம் முழுக்கப் பேச்சு வாங்குவேன். அதனால்தான் பொறுப்பைச் சொல்லி அழைத்தேன்.

எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நன்றி. அடுத்த தடவை அந்தக் காசுக்கு ஒரு புத்தகம் கொடுங்கள். இதை நான் எல்லா மேடையிலும் சொல்கிறேன், எல்லா மேடையிலும் பொன்னாடைதான் வருகிறது.

"நாம் வாழும் மண்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் ஒரே ஒரு ஊரை எடுத்துக்கொள்கிறேன். மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். ஒன்று, ரயில் எப்படி இந்தப் புல்வெளியில் ஊர்களைப் பெற்றுப் போட்டது. இரண்டு, மக்கள்தொகைக் கணக்கு. மூன்று, பண்ணைப் பொருளாதாரம். இவற்றுக்கு நடுவே நமக்கெல்லாம் தெரிந்த ஒரு பழமொழியும் வரும்: கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம்.

ஊரின் பெயர் மொனோவாய். நம் ஒமாஹாவிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 200 மைல். பாய்ட் கவுண்டி. தெற்கே நையோப்ரரா ஆறு, வடக்கே மிசௌரி ஆறு, அந்தப் பக்கம் போனால் சௌத் டகோட்டா. 12-ஆம் எண் மாநில நெடுஞ்சாலையில் போனால் ஒரு பச்சைப் பலகை வரும். அதில் ஊர்ப் பெயர், பக்கத்தில் "1" என்று ஓர் எண். முதலில் பார்த்தபோது இன்னும் ஒரு மைல் தூரம் என்று நினைத்துக்கொண்டேன். அது தூரம் இல்லை ஐயா, மக்கள்தொகை!

இந்த ஊர் பிறந்தது 1902-இல். ஃப்ரீமான்ட், எல்க்ஹார்ன் அண்ட் மிசௌரி வேலி என்று நீளமான பெயர் கொண்ட ரயில் கம்பெனி அங்கே தண்டவாளம் போட்டது, ஊர் மனையளந்து விற்கப்பட்டது. நம் ஊர்ப்பக்கம் ஊர் முதலில், ரயில் பிறகு. இங்கே தலைகீழ். நீராவி எஞ்சினுக்கு வழியெல்லாம் தண்ணீர் வேண்டும். குதிரை வண்டியில் தானியம் ஏற்றி வரும் விவசாயி பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டும். அதனால் சில மைலுக்கு ஒரு நிலையம், நிலையத்துக்கு ஒரு தானியக் கிடங்கு, கிடங்குக்கு ஒரு ஊர். 1862-ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் நிலம். ஐந்து வருஷம் குடியிருந்து உழுதால் சொந்தம். மரம் கிடையாது, அதனால் புல்வேரோடு மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி அடுக்கி வீடு கட்டினார்கள். மழை பெய்தால் கூரையிலிருந்து சேறு சொட்டும். அந்த வீடுகளில் பிள்ளை பெற்று வளர்த்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. "காலி நிலத்தில் குடியேறினார்கள்" என்று எழுதுகிறார்கள். காலியாகவா இருந்தது? நையோப்ரரா கரையில் பொன்கா என்ற பழங்குடி மக்கள் மக்காச்சோளம் விதைத்து வாழ்ந்தார்கள். 1877-இல் அவர்களை அரசு கிளப்பி, இன்றைய ஓக்லஹோமாவுக்கு நடத்திக்கொண்டு போனது. அங்கே தலைவர் ஸ்டாண்டிங் பேரின் மகன் இறந்துபோனான். என்னை நம் ஆற்றங்கரையில் புதையுங்கள் என்று கேட்டுவிட்டுச் செத்த பிள்ளை. 1879 ஜனவரிக் குளிரில் அந்த எலும்புகளைச் சுமந்துகொண்டு சுமார் 30 பேரோடு தகப்பன் வடக்கே நடந்தார். பிடித்து எங்கே அடைத்தார்கள் தெரியுமா? இங்கே, நம் ஒமாஹா கோட்டையில். வழக்கு நடந்ததும் இங்கேதான். செவ்விந்தியரும் சட்டத்தின் கண்ணில் ஒரு நபர்தான் என்று நீதிபதி டண்டி தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. மனிதரை மனிதர் என்று சொல்ல ஒரு தீர்ப்பு! இந்தப் பிள்ளைகளை அடுத்த மாதம் அந்தக் கோட்டைக்கு அழைத்துப் போக வேண்டும் என்று முதல்வர் அம்மாவிடம் இங்கேயே கேட்டுக்கொள்கிறேன்.

சரி, மொனோவாய்க்கு வருவோம். 1930 கணக்கெடுப்பில் 123 பேர். பெரிய ஊர் இல்லைதான், ஆனால் மளிகைக் கடைகள், தபால் நிலையம், பள்ளிக்கூடம், மெத்தடிஸ்ட் தேவாலயம் எல்லாம் இருந்தன. அப்புறம் இறங்குமுகம். டிராக்டர் வந்தது, பத்துப் பேர் செய்த வேலையை ஒருவர் செய்தார். கார் வந்தது, சில மைலுக்கு ஒரு ஊர் எதற்கு என்று ஆனது. பிள்ளைகள் படிக்கப் போனார்கள், திரும்பவில்லை. 1960-இல் அந்தத் தேவாலயத்தில் கடைசி இறுதிச் சடங்கு நடந்தது. 1967-க்கும் 1970-க்கும் நடுவில் தபால் நிலையமும் கடைசி மளிகைக் கடையும் மூடின. 1974-இல் பள்ளிக்கூடம். 1980-இல் 18 பேர், 1990-இல் 6 பேர், 2000-இல் 2 பேர்.

அந்த இரண்டு பேர் ரூடி ஐலர், அவர் மனைவி எல்சி ஐலர். 2004-இல் ரூடி காலமானார். 2010 கணக்கெடுப்பில் அந்த அம்மையார் மட்டும். தேவாலயம் சாயம் போய், பலகை வெளுத்து, பூசை இல்லாமல் நிற்கிறது. கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம் என்று நாம் சொல்கிறோம். அந்த அம்மையார் குடியிருந்தார்.

சும்மா குடியிருந்தாரா? அவரே மேயர். அவரே எழுத்தர். அவரே பொருளாளர். ஊரில் இருந்த ஒரே கடை, அவர் நடத்திய மதுக்கூடம். பர்கரும் பீரும் கிடைக்கும், சுற்றுவட்டாரப் பண்ணைக்காரர்கள் வந்து சீட்டாடிவிட்டுப் போவார்கள். மதுக்கூடத்துக்கு உரிமம் வேண்டுமே? கடைக்காரராக விண்ணப்பம் எழுதுவார். ஊராட்சி எழுத்தராக அதைப் பெற்றுக் கையெழுத்துப் போடுவார். பிறகு கடைக்காரரிடம் கொடுப்பார். யாரிடம்? தன்னிடம்! தேர்தல் அறிவிப்பைத் தன் கடைச் சுவரில் ஒட்டுவார், தனக்கே ஓட்டுப் போடுவார். கள்ள ஓட்டுக்கு வழியே இல்லாத ஒரே ஊர். வருஷத்துக்கு ஏறக்குறைய 500 டாலர் வரி தனக்குத்தானே விதித்து, தானே வசூலித்து, தண்ணீருக்கும் நான்கு தெருவிளக்குக்கும் செலவழித்தார். அந்த விளக்குகளுக்கு மாநில நிதி வர வேண்டும் என்பதற்காக வருஷா வருஷம் சாலைத் திட்டம் ஒன்றும் தயாரித்து அனுப்பினார். நம் சங்கத்தில் கணக்கு ஒப்படைக்கத் தாமதமாகிறது என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நான் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

இப்போது கேளுங்கள் வேடிக்கையை. 2020 கணக்கெடுப்பு வந்தது. 2021-இல் முடிவு வெளியானது. மொனோவாய் மக்கள்தொகை: 2! பத்து வருஷத்தில் நூறு சதவீத வளர்ச்சி! நெப்ராஸ்காவின் சின்ன ஊரெல்லாம் தேய்ந்துகொண்டிருக்கும்போது இந்த ஊர் இரட்டிப்பாகிவிட்டது. சிங்காரச் சென்னைகூட அப்படி வளரவில்லை. செய்தியாளர்கள் அந்த அம்மாவைத் தொடர்புகொண்டு, யார் அந்த இரண்டாவது ஆள் என்று கேட்டார்கள். அவருக்குத் திகைப்பு. யாரோ என் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கிறார் போலிருக்கிறது, இங்கே குடியிருக்க என் வீட்டை விட்டால் வேறு இடமே இல்லையே என்கிற மாதிரி பதில் சொன்னார். நினைத்துப் பாருங்கள். எண்பதைத் தாண்டிய அம்மா. ராத்திரி கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார். ஊரில் இன்னொருவர் இருக்கிறார் என்று மத்திய அரசாங்கம் சொல்கிறது! நானாக இருந்தால் பீரோவைத் திறந்து பார்த்திருப்பேன். கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்திருப்பேன். "அடேய், வந்ததுதான் வந்தாய், பாதி வரியையாவது கட்டு" என்று குரல் கொடுத்திருப்பேன். அடுத்த தேர்தலில் எதிர்த்து நின்றால் என்ன செய்வது? ஆளுக்கு ஒரு ஓட்டு, சமநிலை, குலுக்கல்!

இரண்டாவது ஆள் யாரும் இல்லை. கணக்கெடுப்புத் துறையே போட்ட ஆள் அது. தனிமனிதர் சொன்ன விவரத்தை வெளியிடக் கூடாது என்று அமெரிக்கச் சட்டம். பெயரோடு கூடிய தாள்கள் 72 வருஷம் கழித்துத்தான் வெளியே வரும். ஒரே ஆள் இருக்கும் ஊரில் வயது, இனம், வீடு என்று அட்டவணை போட்டால் அது அந்த அம்மாவின் ஜாதகத்தையே அச்சடித்த மாதிரி. கணினிகளை வைத்து அட்டவணைகளைப் பொருத்திப் பார்த்தால் யார் எவர் என்று கண்டுபிடித்துவிடலாம் என்ற பயம் வந்ததால், 2020-இல் ஊர்களின் எண்களைக் கணிதப்படி கொஞ்சம் கூட்டிக் குறைத்து வெளியிட்டார்கள். மாநிலத்தின் மொத்த எண்ணில் கை வைக்கவில்லை. பிரதிநிதிகள் சபை இடங்கள் அதை வைத்துத்தான் பங்கிடப்படுகின்றன. பெரிய ஊரில் ஒன்றிரண்டு கூடினால் தெரியாது. மொனோவாயில் ஆவியே வந்துவிட்டது!

மூன்றாவது செய்தி பண்ணைப் பொருளாதாரம். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அது கிடக்கட்டும். எனக்கு முக்கியமானது வேறு.

ரூடி ஐலர் ஒரு புத்தகப் பைத்தியம். வாழ்நாளெல்லாம் சேர்த்தார். ஊருக்கு ஒரு நூலகம் வேண்டும் என்பது அவர் ஆசை. எந்த ஊருக்கு? இரண்டு பேர் இருந்த ஊருக்கு! அவர் போன பிறகு குடும்பம் அதை முடித்து வைத்தது. மதுக்கூடத்துக்குப் பக்கத்தில் கொட்டகை அளவில் ஒரு கட்டடம், "ரூடியின் நூலகம்" என்று பெயர், உள்ளே ஏறக்குறைய 5,000 புத்தகங்கள். அந்த அம்மையாரின் பதவிகளில் நூலகர் பதவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊரில் அஞ்சல் இல்லை, மளிகை இல்லை, பள்ளி இல்லை, பூசை இல்லை. புத்தகம் இருக்கிறது. கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம் என்ற பழமொழிக்கு அங்கே எனக்குப் பதில் கிடைத்தது. ஊர்க்கோயில் பூட்டிய பிறகு அந்த மனிதர் இன்னொரு கோயில் கட்ட ஆசைப்பட்டிருக்கிறார். போதகர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

நாம் எப்படிப்பட்ட மரபில் வந்தவர்கள்? 1948-இல், சுதந்திரம் வந்த அடுத்த வருஷமே, சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் போட்டது. அதற்காக வருஷக்கணக்கில் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த கணித வாத்தியார், எஸ். ஆர். ரங்கநாதன். சொத்து வரியோடு நூலக வரி கட்டிய வீடுகளிலிருந்துதான் இங்கே பாதிப் பேர் வந்திருக்கிறோம். கிளை நூலகத்தில் இரவல் வாங்கிய புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கியவர்கள்தானே நாம்?

இந்த மாநகரத்தில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள்! பொங்கலுக்கு நிறுத்த இடமில்லாமல் தெரு முழுக்கக் கார்கள். வெள்ளிக்கிழமை கோயிலில் நெரிசல். தமிழ்ப் பிள்ளை ஒன்று தமிழில் கதைப் புத்தகம் கேட்டால் போக ஓர் இடம் உண்டா? ஓராள் ஊரில் ஐயாயிரம், நமக்கு ஓர் அலமாரிகூட இல்லை. அம்மா அப்பா பார்க்க வரும்போது பெட்டியில் ஊறுகாய்க்கும் அப்பளத்துக்கும் நடுவே வந்த புத்தகங்கள் அத்தனையும் வீட்டு அடித்தளத்தில் அட்டைப்பெட்டிக்குள் தூங்குகின்றன. பிள்ளைகள் கல்லூரிக்குப் போனதும் ஆரம்பப் பாட நூல்களை என்ன செய்தீர்கள்? எனக்குத் தெரியும். ஒருவர் மறுசுழற்சித் தொட்டியில் போட்டதை நானே பார்த்தேன். ஆத்திசூடி, படம் போட்டது, புத்தம் புதிது.

ஆகவே கேட்கிறேன். போதகர் அவர்களிடம் முன்பே பேசிவிட்டேன். சமையலறைக்குப் பக்கத்தில் நாற்காலி அடுக்கும் சின்ன அறையைச் சனிக்கிழமை காலைகளில் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கைதட்டுங்கள் அவருக்கு. அலமாரி இரண்டு நான் தருகிறேன். செயற்குழு, பைலட் திட்டம், துணைக்குழு என்று பேசிப் பேசி இதைக் கொன்றுவிடாதீர்கள். போன தடவை அப்படித்தான் ஆனது. மாநகர மன்ற உறுப்பினர் அவர்களுக்கு யாராவது இந்தப் பகுதியை மட்டும் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். பொது நூலகத்திலும் தமிழுக்கு ஒரு தட்டு கேட்டுத் தனியாக மனு எழுதி வைத்திருக்கிறேன், சாப்பிட்டு முடித்ததும் கையில் கொடுப்பேன்.

காபி வைத்திருக்கும் மேசையில் ஒரு நீல அட்டை நோட்டு கிடக்கிறது. பெயர், கைபேசி எண், எந்தச் சனிக்கிழமை ஒரு மணி நேரம் நூலகராக உட்கார முடியும் என்று எழுதுங்கள். புத்தகங்களை அடுத்த வாரம் வகுப்புக்கு வரும்போதே கொண்டுவாருங்கள். கரையான் தின்றது, கணினித் தேர்வு வழிகாட்டி, போன வருஷத்துப் பஞ்சாங்கம் இவை வேண்டாம். பழைய வார இதழ்களை எடுத்துக்கொள்வேன், அட்டை இருந்தால். சாப்பாட்டு வரிசை வலப்பக்கம் தொடங்குகிறது, பிள்ளைகள் முதலில். நன்றி, வணக்கம்.